அட்டையில் வேறொரு அப்பா

அத்தியாயம் 11

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். திங்கட்கிழமை சாப்பாடு முடிந்ததும் என் மகன் ரிச்சர்ட் கடைசி மாத்திரையை விழுங்கினான். காலிப் பட்டையை மேசையில், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

இந்த வாரம்தான் படிக்க வருகிறவர்களுக்காக நான்கு வரி. ரிச்சர்டின் உடம்பில் ஆறு வருடமாக எச்.ஐ.வி. இருக்கிறது. எப்படி வந்தது என்று நான் முன்பும் எழுதவில்லை, இனியும் எழுதப் போவதில்லை. தினமும் மாத்திரை போட்டால் எல்லாரையும் போல முதுமை வரை வாழ்வான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நாள் தவறினால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். ஒருமுறை அப்படிப் பழகித்தான் முதல் மருந்து கேட்காமல் போய், இப்போது இரண்டாம் வரிசை மருந்தில் இருக்கிறான்.

அந்த மருந்தை அரசாங்க ஆஸ்பத்திரியில் முன்பு ஒரு மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்கள். ஐந்து மாதமாக இருப்பு இல்லை என்று சொல்லி, வாரத்துக்கு ஏழு மாத்திரை. வெளியில் வாங்கினால் என் பென்ஷனில் பாதி போய்விடும். வாராவாரம் செவ்வாய்க்கிழமை லீவு எடுத்து எடுத்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் அவன் வேலை பார்க்கும் கம்பெனியில், "இன்னொரு செவ்வாய் வரலைன்னா புதன்கிழமையும் வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

ஆகவே இந்தச் செவ்வாய்க்கிழமை ரிச்சர்ட் வேலைக்குப் போய்விட்டான். மாத்திரைக்கு யார் போவது என்பதுதான் கேள்வி.

மருமகள் ஹெலினாவுக்கு ஏழாம் மாதம். கூட்ட ரயிலில் அவளை அனுப்ப முடியாது. காலை எட்டரை மணிக்கு அவள் போனைக் கையில் எடுத்தாள்.

"யாருக்கும்மா?"

"தட்சிணாமூர்த்தி அண்ணனுக்கு, மாமா. ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வாங்கி, வீட்டு வாசல்லயே குடுத்துட்டுப் போயிடுவாரு."

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குக் காபி கசந்தது.

தட்சிணாமூர்த்தி ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கும் அதே நோய். நோயாளிகளைச் சேர்த்து ஒரு சங்கம் நடத்துகிறார். மருந்து வரவில்லை என்றால் மனு கொடுப்பது, அதிகாரியைப் பார்ப்பது, வாசலில் உட்கார்ந்துவிடுவது எல்லாம் அவர் வேலை. நான் அவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் ஆறு வருடமாக என் வீட்டில் அவர் பேச்சு இல்லாத நாள் இல்லை. ரிச்சர்ட் முதல் மருந்தை நிறுத்திவிட்டுப் படுத்தபோது அவனை எழுப்பி உட்கார வைத்தவர் அவர். எல்லாம் தெரிந்தும் என் மகனைக் கட்டிக்கொள்ள முன்வந்த ஹெலினாவைத் தேடிக் கண்டுபிடித்தவரும் அவர். பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பெயர்கூட அவர் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

இவற்றையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ரிச்சர்ட் அவரைக் கூப்பிடும் சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நைனா என்று கூப்பிடுகிறான்.

ரிச்சர்டுக்கு ஏழு வயது இருக்கும். தெருவில் விளையாடிவிட்டு ஓடி வந்து, "நைனா, பசிக்குது" என்று என் காலைக் கட்டிக்கொண்டான். பட்டாபிராமில் அந்தச் சொல் எல்லா வாசலிலும் கேட்கும். என் வாசலில் கேட்கக் கூடாது என்பது என் சட்டம். 'இன்னா' கூடாது, 'ஊடு' கூடாது, 'நைனா' கூடவே கூடாது. நோட்டை எடுத்து வரச் சொல்லி, 'அப்பா' என்று நூறு முறை எழுத வைத்தேன். எழுதி முடித்த பிறகுதான் சோறு. என் மனைவி செலின் அன்று என்னிடம் பேசவில்லை. ரிச்சர்ட் அதற்குப் பிறகு ஒருநாளும் என்னை அப்படிக் கூப்பிடவில்லை.

இப்போது அந்தச் சொல்லை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டான்.

"போனை வைம்மா," என்றேன். "நான் போறேன்."

ஹெலினா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா?"

"ஏன், எனக்கு ரயில் ஏறத் தெரியாதா?"

"ரயில் தெரியும் மாமா. அந்த இடம் தெரியாதே. அங்க எல்லாரும் இருப்பாங்க."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தான்," என்று சொல்லிவிட்டு, பச்சை அட்டை போட்ட சிறு புத்தகத்தையும் ரிச்சர்டின் ஆதார் நகலையும் கொண்டுவந்து நீட்டினாள். ஆஸ்பத்திரியில் அதை 'கார்டு' என்பார்கள். அதன் நிறத்தைப் பார்த்தாலே விஷயம் தெரிந்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஜவுளிக்கடைப் பையில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினேன்.

அன்று அதைத் திறந்து பார்த்திருந்தால் நான் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டேன்.

*

ஆவடியில் தேவா ஏறினான். என்னோடு அண்ணனூர் பணிமனையில் வேலை பார்த்தவன். ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை செய்தே பேச்சை உரக்க வளர்த்துக்கொண்டவன்.

"இன்னா அண்ணாத்தே, காலங்காத்தால டிப்டாப்பா கெளம்பிட்டே? பொண்ணு பாக்கவா?"

"பென்ஷன் விஷயமா போறேன்."

"பையில இன்னா?"

"துண்டு."

"பென்ஷன் ஆபீஸ்ல குளிக்க வேற சொல்றானுங்களா?" என்று பெட்டியே திரும்பிப் பார்க்கச் சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் பங்குக் கோயிலில் நான் பங்குப் பேரவைத் துணைத் தலைவன். ஞாயிற்றுக்கிழமை வாசகம் படிக்க எழுந்தால் பின்வரிசை வரை அமைதியாகும். ரிச்சர்டுக்குக் காசநோய் வந்து குணமாகிவிட்டது என்பது நாங்கள் ஊருக்குச் சொல்லி வைத்திருக்கும் செய்தி. அந்தச் செய்தியை ஆறு வருடம் காப்பாற்றியவன் நான். அதற்காகச் செலினையும் மகனோடு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவிடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவள் கண்மூடும்வரை விடவில்லை.

தேவா அம்பத்தூரில் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எந்த நிலையத்தில் இறங்கினேன், எந்த ஆஸ்பத்திரி என்பதை எழுதப் போவதில்லை.

மருந்து கொடுக்கும் இடம் பின்கட்டில் இருந்தது. நீளமான கூடம், இரண்டு வரிசை பெஞ்சு, ஒரு ஜன்னல். நாற்பது பேர் இருப்பார்கள். அழுக்கும் இருமலுமாக ஒரு கூட்டத்தை எதிர்பார்த்துப் போனேன். பார்த்தால், பள்ளிக்கூடத்து ஆசிரியை போல் ஒரு பெண், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கும் பையன்கள், பூக்கூடையோடு ஒரு அம்மாள். பட்டாபிராம் பிளாட்பாரத்தில் நிற்கும் அதே மனிதர்கள். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. அவர்களில் எவரும் நாளை என் எதிரில் வரலாம்.

கண் சிகிச்சைக்கு வந்தவன் வழி தவறி நிற்பதுபோல் சுவரோரமாக நின்று, வரிசை நகர நகர நகர்ந்தேன். ஜன்னலுக்குள் கார்த்திகா என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு பெண்.

"பேரு?"

"ரிச்சர்ட்."

கார்டை வாங்கிப் புரட்டினாள். "அவரு வரலியா? நீங்க அவருக்கு யாரு?"

எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர். எல்லார் காதும் என் பக்கம் இருப்பதாகப் பட்டது. என் வாயிலிருந்து வந்த சொல்லை நானே எதிர்பார்க்கவில்லை.

"வேண்டியவர்."

"வேண்டியவங்ககிட்டல்லாம் குடுக்க முடியாது ஐயா. கார்டுல பேர் இருக்கறவங்க வரணும்."

"அவன் வேலைக்குப் போயிருக்கான்மா. இன்னிக்குப் போடறதுக்கே மாத்திரை இல்லை."

"அதுக்கு ஏன் கவலைப்படறீங்க? அவங்க அப்பாதான் இங்கியே இருக்காரே." அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "நைனா! ஏ நைனா! உங்க பையன் ரிச்சர்டு கார்டு வந்திருக்கு, வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க!"

முப்பத்து நான்கு வருடப் பணியில் மேலதிகாரி முன்னால்கூட நான் குரலை உயர்த்தியதில்லை.

"நான்தான் அப்பா!" என்று கத்தினேன். "ரிச்சர்டோட அப்பா நான்! என் பேரு ஜேசுராஜ்!"

கூடம் அமைதியானது. ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்றால் வருமே, அதே அமைதி.

கார்த்திகா மட்டும் அசரவில்லை. "இப்பத்தானே வேண்டியவர்னீங்க?"

"அப்பாவும் வேண்டியவர்தானே!"

"அப்ப இது யாரு?" அவள் கார்டின் முதல் பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். காப்பாளர் பெயர் என்ற கட்டத்தில் தட்சிணாமூர்த்தி என்றும், உறவு என்ற கட்டத்தில் தந்தை என்றும், நீல மையில் ஆறு வருடத்துக்கு முந்தைய தேதியோடு எழுதியிருந்தது.

வரிசையில் எனக்குப் பின்னால் முக்காடு போட்டிருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "பாத்தியா, ரிச்சர்டுக்கு ரெண்டு அப்பா வந்து நிக்கிறாங்க. நமக்கு ஒண்ணுகூட வர்ல."

"ஜமீலா, வாய மூடுடி," என்று ஒரு குரல் அதட்டியது. "பெரியவரு நிக்கிறாரு பாரு."

அதட்டியவர் வந்தார். ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையின் மேல் இரண்டு பொத்தான் இல்லை. இவரா? இவருக்காகவா ஆறு வருடம் நான் தூக்கம் கெட்டேன்?

"ரிச்சர்டோட அப்பாவா சார்? பாத்தவொடனே தெரிஞ்சிகினேன். அதே மூக்கு. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம்."

"ஏன் நின்னுகினே கீறீங்க? இடம் கீது பாருங்க."

"கார்டுல என் பேர் இருக்க வேண்டிய எடத்துல உங்க பேர் எப்படி வந்தது?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது ஒரு கூத்து சார். மொத நாளு கார்டு போட வந்தப்ப, ஊட்டு ஆளு யாராச்சும் கூட வரணும்னுட்டாங்க. புள்ள தனியா நின்னுகினு இருந்தான். நான் போயி பக்கத்துல நின்னேன். இவரு யாருன்னு கேட்டாங்க. 'எங்க நைனா'ன்னான். நம்ம பக்கம் பெரியவங்க எல்லாரையும் அப்டித்தான கூப்புடுவோம். அப்ப ஜன்னல்ல இருந்த அம்மா வெளியூரு. நைனான்னா அப்பான்னு நெனச்சி தந்தைன்னு எழுதிட்டாங்க."

"ஒருத்தனுக்கு எழுதினதைத் திருத்தியிருக்கலாமே."

"ஒருத்தனா? பதினேழு பேரு சார். கூட வர ஆளே இல்லாதவங்க பதினேழு பேரு. ஜமீலாவுக்கும் நான்தான் அப்பன்."

ஜமீலா பின்னாலிருந்து, "வரதட்சணை மட்டும் கேட்டா நைனா ஆட்டோவ எடுத்துகினு ஓடிடும்," என்றாள்.

கூடம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'கூட வர ஆளே இல்லாதவங்க' என்பதிலேயே நின்றுவிட்டேன். ரிச்சர்டும் அந்தப் பதினேழில் ஒருவன்.

"கையெழுத்து யாரு போடறீங்க?" என்றாள் கார்த்திகா. "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

தட்சிணாமூர்த்தி என் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "நான் போட்டுடறேன் சார். உங்க பேரு எங்கியும் வர வேணாம். யாருக்கும் தெரிய வேணாம். நீங்க மாத்திரைய வாங்கினு போய்கினே இருங்க."

நான் ஆறு வருடம் வேண்டியது அதைத்தான். அதை அவர் தானமாகக் கொடுத்தபோது எனக்கு வாங்கப் பிடிக்கவில்லை.

"என் மகனுக்கு நான் கையெழுத்துப் போடுவேன்," என்று சொல்லி என் ஆதாரை எடுத்து ஜன்னலில் வைத்தேன். ரிச்சர்டின் நகலில் என் பெயர் இருந்தது. கார்த்திகா இரண்டையும் ஒத்துப் பார்த்தாள். அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு கார்டை என்னிடம் தள்ளி, "பழைய பேரை அடிச்சிட்டு உங்க பேரை எழுதுங்க," என்றாள்.

பணிமனையில் பதிவேட்டில் பிழை வந்தால் ஒரே ஒரு கோடு போடுவோம். அடித்த எழுத்து கீழே தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், அது விதி. அன்று நான் தட்சிணாமூர்த்தி என்ற பெயரின்மேல் இரண்டு கோடு போட்டேன். இரண்டாவதை அழுத்திப் போட்டேன். ஜேசுராஜ், தந்தை என்று எழுதிக் கையொப்பம் இட்டேன்.

அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

கார்த்திகா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். அவர் கண்ணாலேயே 'குடு' என்றார். அவள் ஒரு பட்டையை, ஏழு மாத்திரையை, என் கையில் வைத்தாள்.

எனக்கு மறுபடியும் எரிந்தது. என் மகனுக்கு மருந்து கொடுக்க இவர் உத்தரவு வேண்டுமா?

*

தட்சிணாமூர்த்தி தன் பையிலிருந்து ஒரு மனுவை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனார். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பூக்கூடை அம்மாள் கட்டைவிரலை வைத்தாள். எனக்கு முன்னால் வந்ததும் தாளை மடித்து இடுக்கிக்கொண்டு, "ஜாக்கிரதையா போங்க சார்," என்று கும்பிட்டார்.

என்னிடம் கேட்கவில்லை. அங்கிருந்த நாற்பது பேரில் என் ஒருவனிடம்தான் கேட்கவில்லை.

வாசல் வரை போனவன் திரும்பி வந்தேன். "என்ன மனு அது?"

"மாத்திரைய பழையபடி மாசத்துக்கு மொத்தமா குடுக்கணும்னு. இதுவும் வேலை செய்யலன்னா அடுத்ததா ஒரு மருந்து கீது சார். வெளிய வெல கேட்டா மயக்கம் வரும். கம்மி வெலைல செய்யற கம்பெனிகிட்ட வாங்கி சர்க்காரே குடுக்கணும்னும் எழுதிகீறோம். வியாழக்கெழம திருவள்ளூர்ல பெரிய அதிகாரி கூப்ட்டுகீறாரு."

"என்கிட்ட ஏன் கேட்கலை?"

அவர் முதல் முறையாகத் தயங்கினார். "ரிச்சர்டு சொல்லிகீறான் சார். 'எங்க அப்பாகிட்ட மட்டும் எப்பவும் எதுவும் கேட்டுடாத நைனா. ஊர்ல அவருக்கு ஒரு மரியாத கீது. அது போச்சுன்னா அவரு தாங்க மாட்டாரு'ன்னு."

எங்கள் குடும்ப மானத்தை நான்தான் காவல் காக்கிறேன் என்று நினைத்திருந்தேன். என்னை ஒருவன் காவல் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அதுவும் இந்த மனிதர் வாயால் தெரிய வேண்டியிருந்தது.

"மனுவுல என்ன குறை?" என்றேன், பேச்சை மாற்ற.

"மனுவுல குறையில்ல, என்கிட்டதான். போன தபா போனப்ப கார்டுங்கள வாங்கிப் பாத்தாங்க. 'ஏன்யா, ரிச்சர்டுக்கும் ஜமீலாவுக்கும் எழிலரசிக்கும் ஒரே அப்பனா? எப்டிய்யா?'ன்னு கேட்டாங்க. 'ஷேர் ஆட்டோ ஓட்டுறவன் சார், யாரு கை காட்னாலும் ஏத்திக்குவேன்'னு வெளையாட்டா சொல்லிட்டேன். அதப் புடிச்சிகினாங்க. கார்டெல்லாம் டுபாக்கூரு, ஆளுங்க கணக்கே பொய்யுன்னு மனுவ திருப்பிட்டாங்க. மருந்து கொறஞ்சது வேற காரணம். அத மறைக்க அவங்களுக்கு இது ஒரு சாக்கு."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"நெஜ அப்பனோ அம்மாவோ ஒருத்தர் வந்து, இது எம் புள்ள, இந்த மருந்து இல்லன்னா இவன் இல்லன்னு அவங்க மூஞ்சிய பாத்து சொல்லணும். பதினேழு ஊட்டுலயும் கேட்டுட்டேன்." அவர் சொல்லி முடிக்காமல் நிறுத்தினார். "உங்க ஊட்டத் தவுத்து பதினாறு."

மனுவின் நகல் ஒன்றை நீட்டினார். கடைசியில் 'குடும்பத்தார் சார்பில் பேசுபவர்' என்று போட்டு இடம் விட்டிருந்தது. நான் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திருவள்ளூரில் பேசினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் கோயிலுக்குத் தெரியும். வாசகம் படிக்க நான் எழுந்தால் அப்புறம் எந்த மாதிரி அமைதி வரும் என்று யோசித்துக்கொண்டே ரயில் ஏறினேன்.

*

ரிச்சர்ட் ஆறே முக்காலுக்கு வந்தான். நான் மாத்திரைப் பட்டையையும் கார்டையும் மேசைமேல் பார்வையாக வைத்துவிட்டு, பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்?

"நைனா வந்துட்டுப் போனாரா?" என்றான் பட்டையைப் பார்த்து.

"மாமாவே போய் வாங்கிட்டு வந்தாங்க," என்றாள் ஹெலினா.

அவன் முகம் ஒரு நொடி மலர்ந்தது. அந்த ஒரு நொடியை நான் பார்த்தேன். பிறகு கார்டைத் திறந்தான். முதல் பக்கத்திலேயே நின்றான்.

"அடிச்சிட்டீங்களா?"

"தப்பா எழுதியிருந்தது. திருத்தினேன்."

"ரெண்டு கோடா?"

நான் பேப்பரை மடித்தேன்.

"மேலேயோ கீழேயோ எழுதியிருக்கலாமேப்பா," என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "இடம் இருந்துச்சே."

அவன் போன் அடித்தது. எடுத்துக் கேட்டவன் முகம் மாறியது. "எப்ப? ஏன் கார்த்திகாக்கா, யாரும் சொல்லல?" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தான். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது யாரோட பட்டை தெரியுமாப்பா?"

"உன்னோடது."

"பெட்டியில இருந்த கடைசிப் பட்டை. நைனாவுக்கும் இதே மருந்துதான். அவருக்குன்னு எடுத்து வச்சிருந்தாங்க. இன்னிக்கு அவருக்கு மாத்திரை இல்ல. இனி சனிக்கிழமைதான் வருமாம், அதுவும் நிச்சயமில்லையாம்."

கார்த்திகா அவரைப் பார்த்ததும், அவர் கண்ணால் 'குடு' என்றதும் என் முன்னால் வந்து நின்றன. அதைப் பார்த்துத்தானே நான் எரிந்தேன். அவர் பெயரை அழுத்தி அடித்த மை காய்வதற்குள் அவர் இதைச் செய்திருக்கிறார். அதிலும் அந்த மனிதர் என்னை முந்திக்கொண்டார்.

ரிச்சர்ட் கத்தரிக்கோலை எடுத்துப் பட்டையை வெட்டினான். மூன்று மாத்திரை ஒரு துண்டு, மூன்று மாத்திரை ஒரு துண்டு. ஒன்று தனியாக மிஞ்சியது.

"செவ்வாய், புதன், வியாழன். ரெண்டு பேருக்கும் ஆச்சு," என்றான்.

"அந்த ஒண்ணு?" என்றாள் ஹெலினா.

"வெள்ளிக்கிழமைக்கு."

"யாருக்கு?"

"வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம்." அந்த ஒற்றை மாத்திரையை மேசையிலேயே வைத்துவிட்டு, மற்ற இரண்டு துண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தான்.

"சாப்பிட்டுப் போடா," என்றேன்.

"நைனா ஊட்ல சாப்புட்டுக்கறேன். எட்டு மணிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா போட்டுக்குவோம்."

என் வீட்டில் நின்று 'ஊடு' என்றான். நான் திருத்தவில்லை. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அந்த எட்டு மணிக்கு நான் அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்ததில்லை. வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு சட்டைப்பையிலிருந்த மனுவை எடுத்து மேசையில் விரித்தேன். பேனாவின் மூடியைக் கழற்றினேன். ஹெலினா பெருமூச்சோடு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்தாள்.

'குடும்பத்தார் சார்பில் பேசுபவர்' என்பதற்குக் கீழே எழுதினேன்: ஜேசுராஜ், ரிச்சர்டின் தந்தை, பட்டாபிராம்.

ஹெலினா தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

"மேல ஒரு வரி இடம் விட்டிருக்கீங்களே மாமா. அது யாருக்கு?"

"விளக்கைப் போடும்மா," என்றேன். "இருட்டிடுச்சு."